வானத்தில் கண்ணை மட்டும் நம்பச் சொல்லாதீர்கள்

அமெரிக்காவின் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வின் நிர்வாகிக்கும், அங்கே விதிகளை எழுதும் அதிகாரிகளுக்கும்,

"அந்த விமானம் கண்ணுக்குத் தெரிகிறது, நானே பார்த்து விலகிக்கொள்கிறேன்" என்று ஒரு விமானி ரேடியோவில் சொல்லி, கட்டுப்பாட்டாளரும் சரி என்றுவிட்டால், இரண்டு விமானங்களை மோதாமல் வைத்திருக்கும் பொறுப்பின் பெரும்பகுதி அந்த நொடியிலேயே ஒரு மனிதரின் கண்ணுக்குப் போய்விடுகிறது. உங்கள் விதி இதை அனுமதிக்கிறது. 1978 செப்டம்பர் 25 அன்று சான் டியேகோவில் இப்படித்தான் பொறுப்பு கைமாறியது. 2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்துக்கு அருகே, பொட்டோமேக் ஆற்றின் மேலும் இப்படித்தான் கைமாறியது. முதல் விபத்தில் 144 பேர் இறந்தார்கள். இரண்டாவதில் 67 பேர். இடையில் 46 ஆண்டுகள் இருந்தன. அவ்வளவு காலம் கிடைத்தும் இந்த ஏற்பாடு மாறவில்லை என்பதுதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது.

நான் தென் கலிஃபோர்னியாவில் வசிக்கிறேன். வார நாள்களில் கணினி வேலை. வார இறுதியில் வாடகைக்கு எடுத்த செஸ்னா 172 என்னும் சிறு விமானம். லாஸ் ஏஞ்சல்ஸ், பர்பேங்க், லாங் பீச், சான்டா அனா என்று பெரிய விமானங்கள் வந்து இறங்கும் இடங்களுக்கு நடுவிலும் அடியிலும்தான் என்னைப் போன்றவர்கள் பறக்கிறோம். வேலை நிமித்தமாகப் பயணிகள் விமானத்தில் ஏறும்போது, அதே வானத்தை மேலிருந்து பார்க்கிறேன். இரண்டு பக்கமும் இருப்பவன் என்ற உரிமையில் பேசுகிறேன். தமிழில் எழுதக் காரணம் உண்டு. கலிஃபோர்னியாவிலும் டெக்சஸிலும் இன்று தமிழ் இளைஞர்கள் பலர் பறக்கக் கற்றுக்கொள்கிறார்கள். அவர்களும், அவர்களை நினைத்துக் கவலைப்படும் வீட்டாரும் இதைப் படிக்க வேண்டும். ஆங்கிலப் பிரதி உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக வரும்.

சான் டியேகோவில் அன்று காலை ஒன்பது மணி, தெளிவான வானம். பசிபிக் சவுத்வெஸ்ட் நிறுவனத்தின் போயிங் 727 லிண்ட்பெர்க் ஃபீல்டு விமான நிலையத்தில் இறங்க வந்துகொண்டிருந்தது. முன்னால், சற்றுக் கீழே, ஒரு செஸ்னா 172. நான் ஓட்டும் அதே ரகம். அதில் ஒருவர் பயிற்றுநரோடு, கருவிகளைப் பார்த்துப் பறக்கும் பயிற்சியில் இருந்தார். செஸ்னா எங்கே இருக்கிறது என்று போயிங் விமானிகளுக்குச் சொல்லப்பட்டது. பார்த்துவிட்டோம் என்றார்கள். அப்படியானால் பார்த்தபடியே விலகி இருங்கள் என்று அனுமதி கிடைத்தது. பிறகு அவர்கள் செஸ்னாவைத் தவறவிட்டார்கள். அது தங்களைக் கடந்து பின்னால் போயிருக்கும் என்று எண்ணினார்கள். அப்ரோச் கட்டுப்பாட்டு அறையில் மோதல் எச்சரிக்கை 19 நொடி முன்பே ஒலித்தது. ஆனால் விமானிகள்தான் பார்த்துவிட்டார்களே என்று அது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. 727இல் இருந்த 135 பேர், செஸ்னாவில் இருந்த 2 பேர், நார்த் பார்க் குடியிருப்பில் தரையில் இருந்த 7 பேர், எல்லோரும் போனார்கள்.

விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்.டி.எஸ்.பி. விமானிகள் மீது குற்றம் கண்டது. கூடவே இன்னொன்றையும் எழுதியது: ரேடாரை வைத்தே இரண்டையும் பிரித்து வைக்கும் வசதி கையில் இருந்தபோது, கண்ணால் பார்த்து விலகிக்கொள்ளும்படி விட்ட நடைமுறையும் விபத்துக்குத் துணைபோனது என்று. அந்த வரியை நீங்கள் இன்னொரு முறை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பொட்டோமேக் விபத்தைப் பற்றியும் அதை அப்படியே எழுதலாம்.

எட்டு ஆண்டுகள் கழித்து, லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் செரிட்டோஸ். எங்கள் ஆட்கள் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கப் போகும் ஆர்ட்டீசியாவின் பயனியர் பூலவார்டிலிருந்து காரில் சில நிமிடத் தொலைவு. 1986 ஆகஸ்ட் 31, ஞாயிற்றுக்கிழமை, நண்பகல் நேரம். மெக்சிகோவிலிருந்து வந்த ஏரோமெக்சிகோ டி.சி-9 பயணிகள் விமானம், லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்கத் தாழ்ந்துகொண்டிருந்தது. டொரன்ஸிலிருந்து பிக் பேர் மலைக்குக் கிளம்பிய பைப்பர் ஆர்ச்சர் என்னும் ஒரு சிறு விமானம், அனுமதி வாங்க வேண்டிய வான்பகுதிக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டது. சுமார் 6,500 அடி உயரத்தில் மோதின. பெரிய விமானத்தின் வால் சிறகு போயிற்று. டி.சி-9இல் 64 பேர், பைப்பரில் 3 பேர், கீழே வீடுகளில் இருந்தவர்களில் 15 பேர் இறந்தார்கள். செரிட்டோஸ் சிற்பப் பூங்காவில் அவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது.

அந்தப் பைப்பரில் ட்ரான்ஸ்பாண்டர், அதாவது ரேடார் கேட்கும்போது பதில் சமிக்ஞை அனுப்பும் கருவி, இருந்தது. ஆனால் அது உயரத்தைச் சொல்லாத ரகம். கட்டுப்பாட்டாளரின் கவனமோ அந்த நேரத்தில், அதே வான்பகுதிக்குள் நுழைந்துவிட்ட வேறொரு சிறு விமானத்தின் மேல் இருந்தது. இரண்டு விமானங்களின் விமானிகளும் ஒருவரையொருவர் பார்த்ததற்கான அடையாளமே இல்லை. இங்கேயும் என்.டி.எஸ்.பி., பார்த்து விலகும் முறையின் வரம்புகளைக் காரணங்களில் ஒன்றாகப் பதிவு செய்தது.

அதன் பிறகு நீங்கள் செய்தவற்றை நான் மறைக்கப் போவதில்லை. பெரிய நிலையங்களைச் சுற்றி 30 கடல் மைல் வட்டத்துக்குள், உயரத்தையும் சொல்லும் ட்ரான்ஸ்பாண்டரைக் கட்டாயமாக்கினீர்கள். 1987இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட, 1993 முடிவதற்குள் பெரிய பயணிகள் விமானங்களில் எல்லாம் டிகாஸ் என்னும் மோதல் தவிர்ப்புக் கருவி வந்தது. எதிரில் வரும் விமானத்தின் ட்ரான்ஸ்பாண்டரோடு பேசி, "ஏறு", "இறங்கு" என்று விமானிக்குக் குரலாலேயே கட்டளையிடும் கருவி அது. அது எத்தனை உயிரைக் காத்தது என்பது கணக்கில் வராது. 2025 ஜூலையில் பர்பேங்கிலிருந்து லாஸ் வேகாஸ் கிளம்பிய ஒரு சவுத்வெஸ்ட் விமானம், ஒரு பழைய ஹாக்கர் ஹண்டர் ஜெட்டைத் தவிர்க்கச் சட்டென்று சில நூறு அடி கீழே இறங்கியது. பணிப்பெண்கள் இருவர் காயப்பட்டார்கள். மற்ற எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். இது டிகாஸ் செய்த வேலை.

ஆனால் டிகாஸுக்கு இரண்டு பெரிய ஓட்டைகள் உண்டு என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எதிரில் இருப்பதில் ட்ரான்ஸ்பாண்டர் இல்லாவிட்டால், அல்லது அணைத்து வைத்திருந்தால், டிகாஸைப் பொறுத்தவரை அந்த விமானம் வானத்திலேயே இல்லை. தரையிலிருந்து ஏறத்தாழ 1,000 அடிக்குக் கீழே வந்துவிட்டால், "ஏறு, இறங்கு" கட்டளைகளை அது கொடுக்காது. தரை அவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது அப்படிச் சொல்வது ஆபத்து என்பதால் வேண்டுமென்றே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். அது சரிதான். ஆனால் அந்தக் கடைசி ஆயிரம் அடியில் வேறு என்ன காவல் வைத்தீர்கள்? அங்கேயும் கண்தான்.

கண்ணைப் பற்றி உங்கள் சொந்த ஆலோசனைச் சுற்றறிக்கையே ஒரு கணக்குச் சொல்கிறது. ஒரு பொருள் கண்ணில் பட 0.1 நொடி. அது விமானம் என்று புரிய 1 நொடி. அது நம்மேல் மோத வருகிறது என்று உணர 5 நொடி. எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுக்க 4 நொடி. கை அசைய 0.4 நொடி. விமானம் அதற்கு இணங்கித் திரும்ப 2 நொடி. மொத்தம் 12.5 நொடி. 10,000 அடிக்குக் கீழே பெரிய விமானம் 250 நாட் (மணிக்கு 250 கடல் மைல்) வரை போகலாம். என் செஸ்னா 110 நாட். நேருக்கு நேர் வந்தால் இந்த 12.5 நொடியில் எங்களுக்கு இடையில் இரண்டே கால் கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான தூரம் கரைந்துவிடும். அதாவது, அதற்கும் அப்பால் இருக்கும்போதே பெரிய விமானத்தின் விமானி என்னைக் கண்டிருக்க வேண்டும். அவ்வளவு தூரத்தில் என் விமானத்தின் முழுச் சிறகு விரிவும் முழுநிலவின் அகலத்தில் பாதிதான் தெரியும். அதுவும் எதிரிலிருந்து பார்த்தால் சிறகு ஒரு மெல்லிய கோடு.

இதிலும் கொடுமையான விஷயம் ஒன்று உண்டு. நேராக மோத வரும் விமானம் கண்ணாடியில் நகராது. வேறு திசையில் போவதுதான் நகர்ந்து கண்ணை இழுக்கும். நம்மைக் கொல்ல வருவது ஒரே இடத்தில் புள்ளியாக நின்று, கடைசி நொடிகளில்தான் பெரிதாகும். அந்தப் புள்ளி சன்னல் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துவிட்டால் அதுவும் இல்லை. என் செஸ்னாவுக்குச் சிறகு மேலே, பைப்பருக்குக் கீழே. ஒருவர் தலைக்கு மேல் பார்க்க முடியாதவர், மற்றவர் காலுக்குக் கீழ் பார்க்க முடியாதவர். இப்படி இரண்டு பேர் ஒரே ஓடுபாதைக்குத் தாழ்ந்து வரும்போது ஒருவரையொருவர் பார்த்து விலகச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

என் அனுபவத்தைச் சொல்கிறேன். கோடைப் பிற்பகல்களில் கடலோரத்திலிருந்து ஒரு புகைமூட்டம் உள்ளே வரும். சூரியன் மேற்கே சாயும்போது அந்த மூட்டம் முழுவதும் பால் போல வெளுத்துவிடும். அப்படி ஒரு நாள் மலையோரத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். கட்டுப்பாட்டாளர் அழைத்து, இரண்டு மணி திசையில் (வலப்புறம், சற்று முன்னால்), மூன்று மைல் தூரத்தில், ஒரு 737 உங்களைவிட மேலிருந்து தாழ்ந்து வருகிறது என்றார். தேடினேன். பக்கத்து இருக்கையில் இருந்த நண்பரும் தேடினார். அவருக்கும் உரிமம் இருக்கிறது, அனுபவமும் இருக்கிறது. எங்கே தேட வேண்டும், எந்த உயரத்தில் தேட வேண்டும், என்ன ரகம் என்று எல்லாம் தெரிந்திருந்தும் எங்கள் நான்கு கண்களுக்கும் 737 அளவுள்ள ஒன்று அகப்படவில்லை. "பார்க்க முடியவில்லை" என்று ரேடியோவில் சொன்னேன். என் மடியில் இருந்த கைக்கணினி அதை ஏற்கெனவே காட்டிக்கொண்டிருந்தது. அது எங்கே இருக்கிறது, எவ்வளவு மேலே, எந்தப் பக்கம் போகிறது என்று அம்புக்குறியோடு. அதைப் பார்த்துத்தான் தெற்கே திரும்பினேன். கட்டுப்பாட்டாளரும் அதற்கு ஒப்புக்கொண்டார். கடைசியில் அது எங்களைக் கடந்து போன பிறகு, வால் பக்கம்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

அந்தக் கைக்கணினிக்குத் தகவல் தருவது, சில நூறு டாலர் விலையில், சன்னலில் ஒட்டிவைக்கும் ஒரு சிறு ஏ.டி.எஸ்.-பி அலைவாங்கி. இதில்தான் என் மனத்தாங்கல் முழுவதும் இருக்கிறது. 2010 மே மாதம் நீங்கள் ஒரு விதி வெளியிட்டீர்கள். பெரிய நிலையங்களைச் சுற்றியும் உயரமான வான்பகுதிகளிலும் பறக்கும் விமானங்கள் எல்லாம் தம் இடம், உயரம், வேகம் ஆகியவற்றை நொடிக்கு நொடி ஒலிபரப்ப வேண்டும் என்றது அந்த விதி. அந்த ஒலிபரப்புதான் ஏ.டி.எஸ்.-பி. பத்தாண்டு அவகாசம் கொடுத்து, 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தீர்கள். எங்கள் விமானிகள் சங்கத்திலும் பலர் முணுமுணுத்துக்கொண்டே காசு கொடுத்துப் பொருத்தினார்கள். நல்ல விதி. ஆனால் அந்த ஒலிபரப்பை வாங்கிக் கேட்கும் கருவியை யாருக்கும் கட்டாயமாக்கவில்லை. நூற்றுக்கணக்கான பயணிகளைச் சுமக்கும் விமானங்களுக்குக்கூட இல்லை. எல்லோருக்கும் வாய் கொடுத்துவிட்டு, காது வைத்துக்கொள்வது அவரவர் விருப்பம் என்று விட்டுவிட்டீர்கள்.

ஆகவே இன்றைய நிலை இதுதான்: வாடகை செஸ்னாவில், மடியில் கைக்கணினியோடு உட்கார்ந்திருக்கும் எனக்குப் பக்கத்தில் யார் பறக்கிறார் என்பது பல நேரங்களில் பெரிய விமானத்தின் விமானியைவிடத் தெளிவாகத் தெரிகிறது. அவர் டிகாஸ் திரையில் சில புள்ளிகளைப் பார்க்கிறார். அந்தப் புள்ளி எந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஏ.டி.எஸ்.-பி அலைவாங்கி இருந்தால் தெரிந்திருக்கும். பெரிய விமானங்களில் இதைப் பொருத்த முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் ஏர்பஸ் ஏ321 விமானங்களில் கட்டாயம் இல்லாமலேயே பொருத்தியிருக்கிறது. என்.டி.எஸ்.பி. இதை உங்களிடம் பல ஆண்டுகளாக, பல விபத்து அறிக்கைகளில் கேட்டுக்கொண்டே வருகிறது. 2019 மே மாதம் அலாஸ்காவின் கெட்சிகனில், சுற்றுலாப் பயணிகளோடு பறந்த இரண்டு மிதவை விமானங்கள் மோதி 6 பேர் இறந்த பிறகும் கேட்டது.

சொந்த அனுபவத்தில் இன்னொன்று. மலைச்சரிவில் காற்று மேலெழும் நாள்களில் கிளைடர்கள் வரும். எஞ்சின் இல்லாமல் காற்றை மட்டும் நம்பி மணிக்கணக்கில் பறப்பவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் நான் பார்த்த கிளைடர்களில் சில என் திரையில் வந்ததே இல்லை. வெள்ளைச் சிறகு, வெள்ளை மேகம். சூரிய ஒளி பட்டுச் சிறகு மின்னிய பிறகுதான் அங்கே ஒருவர் இருக்கிறார் என்றே தெரிந்தது. அதே மலைக்கு மேலே பயணிகள் விமானங்கள் வரிசையாகத் தாழ்ந்து வருகின்றன. கிளைடர்களுக்கும் பலூன்களுக்கும் மின்சார வசதியில்லாத பழைய விமானங்களுக்கும் உங்கள் விதியில் விலக்கு இருக்கிறது. 2006 ஆகஸ்ட் 28 அன்று நெவாடாவின் மிண்டன் அருகே ஒரு ஹாக்கர் 800 ஜெட், கிளைடர் ஒன்றின்மேல் மோதியது. அந்தக் கிளைடரில் ட்ரான்ஸ்பாண்டர் இருந்தது. மின்கலம் தீர்ந்துவிடக் கூடாதென்று அணைத்து வைத்திருந்தார்கள். ஜெட்டில் டிகாஸ் இருந்தும் அதனால் எதையும் பார்க்க முடியவில்லை. கிளைடர் ஓட்டியவர் பாராசூட்டில் குதித்தார். ஜெட் முகம் சிதைந்து, சக்கரத்தை இறக்க முடியாமல் கார்சன் சிட்டியில் வயிற்றால் தரையிறங்கியது. ஒருவரும் இறக்காதது அந்த ஜெட்டை ஓட்டியவர்களின் திறமை. இறக்கவில்லை என்பதாலேயே அது மறக்கப்பட்டது. விலக்கை நீக்கச் சொல்லி என்.டி.எஸ்.பி. 2008இல் பரிந்துரைத்தது. 2015இல் நீங்கள் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டீர்கள். விலக்கு அப்படியே இருக்கிறது.

பொட்டோமேக்குக்கு வருகிறேன். அங்கே பயணிகள் விமானத்தோடு மோதியது ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர், சிறு தனியார் விமானம் அல்ல. ஆனாலும் நான் மேலே சொன்ன ஓட்டைகள் எல்லாம் அங்கே ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. ஹெலிகாப்டர் ஏ.டி.எஸ்.-பி ஒலிபரப்பவில்லை. பயணிகள் விமானம் 300 அடி அளவுக்கு இறங்கிவிட்டதால் டிகாஸ் தப்பும் வழி சொல்ல முடியவில்லை. சுமார் 20 நொடி முன்னால் "ட்ராஃபிக், ட்ராஃபிக்" என்று மட்டும் ஒலித்தது. இரவு நேரம், நகரம் முழுவதும் விளக்குகள். ஹெலிகாப்டரிலிருந்து "விமானம் தெரிகிறது, பார்த்தே விலகிக்கொள்கிறோம்" என்றார்கள். அனுமதி கொடுக்கப்பட்டது. விமானத்தில் 64 பேர், ஹெலிகாப்டரில் 3 பேர்.

விசாரணையின் முதல் அறிக்கை 2025 மார்ச்சில் வந்தபோது, அதில் ஒரு எண் இருந்தது. 2021 அக்டோபர் முதல் 2024 டிசம்பர் வரை, அந்த ஒரு நிலையத்தருகே மட்டும் பயணிகள் விமானமும் ஹெலிகாப்டரும் ஒரு கடல் மைலுக்கும் குறைவான தூரத்திலும், 400 அடிக்கும் குறைவான உயர வித்தியாசத்திலும் நெருங்கிய தருணங்கள் 15,214. அவற்றில் 85 தடவை, இடைவெளி 1,500 அடிக்கும், உயர வித்தியாசம் 200 அடிக்கும் குறைவு. ரகசியமாக எங்கேயோ புதைந்து கிடந்த தகவல் இல்லை இது. உங்கள் பார்வைக்கு எட்டும் தரவுகளில் இருந்தது. ஹெலிகாப்டர் வழியும் 33ஆம் ஓடுபாதைக்குத் தாழ்ந்து வரும் வழியும் குறுக்கிடும் இடத்தில் மிஞ்சக்கூடிய உயர இடைவெளி 75 அடி அளவுதான் என்று அதே அறிக்கை சொல்கிறது. அந்த வழி உங்கள் வரைபடத்தில் அச்சாகியிருந்தது. 67 பேர் இறந்த பிறகுதான் அது மூடப்பட்டது. மற்ற ஊர்களில் இப்படிப்பட்ட 75 அடிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. அப்படிப்பட்ட வழிகளில்தான் நானும் பறக்கிறேன்.

செலவைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. சிறு விமானக்காரர்கள் எல்லோரும் பணக்காரர்கள் என்பது வெளியில் இருப்பவர்களின் எண்ணம். எங்கள் சங்கத்தில் பள்ளி ஆசிரியர் இருக்கிறார், ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர் இருக்கிறார், நாற்பது வயதான விமானத்தை மூன்று பேர் சேர்ந்து வைத்துக்கொண்டு பெட்ரோலுக்குக் கணக்குப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். இன்னொரு கருவி, இன்னொரு சான்றிதழ் என்றால் அவர்கள் கோபப்படுவது நியாயம்தான். ஆனால் வழி இருக்கிறது. நீங்களே 2016இல், ஏ.டி.எஸ்.-பி பொருத்தும் சிறு விமானம் ஒன்றுக்கு 500 டாலர் என்று 20,000 விமானங்களுக்கு மானியம் அறிவித்தீர்கள். பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையமும், தம் இருப்பை மற்றவர்களுக்குக் காட்டும் எளிய கருவிகளை வாங்கும் சிறு விமானக்காரர்களுக்கு விலையில் பாதியை 250 பவுண்ட் வரை திருப்பிக் கொடுத்தது. செலவைக் காரணம் காட்டி உயிரைப் பணயம் வைக்கத் தேவையில்லை என்பதற்கு உங்கள் பழைய கோப்புகளே சாட்சி.

சுதந்திரம் போய்விடும் என்று வாதிடும் என் சக விமானிகளிடமும் இந்த இடத்தில் இரண்டு வார்த்தை. வானம் நமக்கும் சொந்தம்தான். ஆனால் சான் டியேகோவிலும் செரிட்டோஸிலும் இறந்த பயணிகள் யாரும் நம்மோடு அந்த வானத்தைப் பகிர்ந்துகொள்ளச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு நாம் தெரிய வேண்டும் என்பது மிகச் சிறிய விலை. நாம் ஒலிபரப்பும் இடத் தகவலை வைத்துத் தரையிறங்கும் கட்டணம் வசூலிக்கச் சில நிலையங்கள் முயல்வது தவறு. பாதுகாப்புக்காகக் கொடுத்த தகவலை அதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று எஃப்.ஏ.ஏ. உறுதி கொடுத்தால், கருவியை அணைத்து வைக்க யாருக்கும் சாக்கு இருக்காது.

இனி நான் கேட்பவை.

பயணிகள் விமானங்கள் எல்லாவற்றிலும் ஏ.டி.எஸ்.-பி தகவலை வாங்கி, திரையில் காட்டி, குரலால் எச்சரிக்கும் கருவியைக் கட்டாயமாக்கும் விதியை உடனே வரையத் தொடங்குங்கள். காங்கிரஸ் தள்ளும்வரை காத்திருக்காதீர்கள், அதற்கான அதிகாரம் உங்களிடமே இருக்கிறது. ஒலிபரப்புக்குக் கொடுத்த பத்தாண்டு அவகாசத்தை இதற்கும் கொடுக்க வேண்டாம். அலைவரிசை தயார், தரை நிலையங்கள் தயார், கருவியும் சந்தையில் இருக்கிறது. அதே விதியில், பெரிய நிலையங்களைச் சுற்றிய 30 கடல் மைல் வட்டத்துக்குள் பறக்கும் சிறு விமானங்களுக்கும் ஓர் அலைவாங்கி வேண்டும் என்று சேருங்கள். எங்களுக்குக் கையடக்கக் கருவியே போதும் என்று சொல்லிவிடுங்கள், எதிர்ப்பு பாதியாகக் குறைந்துவிடும்.

ரேடார் வசதி இருக்கும் இடத்தில், தாழ்ந்து இறங்கிக்கொண்டிருக்கும் பயணிகள் விமானத்துக்கும் மற்றொன்றுக்கும் இடையே, இரவில் கண்ணால் பார்த்து விலகும் அனுமதியை நாடு முழுவதும் நிறுத்துங்கள். விபத்துக்குப் பிறகு வாஷிங்டனில் செய்தது போதாது. பகலில் அந்த அனுமதி கொடுத்தாலும், திரையில் மோதல் எச்சரிக்கை வந்தால் இரண்டு விமானங்களுக்கும் அதைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும் என்று எழுதுங்கள். "அவர்தான் பார்த்துவிட்டாரே" என்பது இனி ஒரு காரணமாக இருக்கக் கூடாது. இதைச் செய்யக் கட்டுப்பாட்டாளர்கள் போதுமான எண்ணிக்கையில் வேண்டும். சோர்ந்துபோன ஒருவர் தலையில் இரண்டு பேர் வேலையைக் கட்டிவிட்டு விதியை மட்டும் கடுமையாக்குவதால் பயனில்லை.

கிளைடர்களுக்கான விலக்கை, பயணிகள் விமானங்கள் ஏறி இறங்கும் வழிகளிலாவது நீக்குங்கள். 2008 முதல் இது உங்கள் மேசையில் இருக்கிறது. குறைந்த மின்சாரத்தில் நாள் முழுதும் இயங்கும் சிறு கருவிகளுக்கு எளிய ஒப்புதல் முறை கொண்டுவந்து, 2016இல் கொடுத்தது போன்ற ஒரு மானியத்தை கிளைடர் சங்கங்களுக்கும் கொடுங்கள்.

ஒவ்வொரு பெரிய, நடுத்தர விமான நிலையத்தைச் சுற்றியும் பயணிகள் விமானமும் மற்றவையும் ஆபத்தாக நெருங்கிய தருணங்களின் எண்ணிக்கையை ஆண்டுதோறும் பொதுவில் வெளியிடுங்கள். எந்த இடம், எந்த உயரம், எந்த நேரம் என்று, ஒரு சாதாரண விமானி வரைபடத்தில் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி. அதைப் பார்த்து எந்த வழியை மாற்றினீர்கள், எதை மாற்றவில்லை, ஏன் என்பதையும் சேர்த்து. முதல் அறிக்கையில் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரம் இருக்க வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்யமாட்டீர்கள், செய்வது எந்தத் தேதிக்குள் என்று ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் கொடுங்கள். வரும் பதிலைத் தமிழாக்கி, இந்த மடலைப் படித்தவர்கள் எல்லோரும் படிக்கும்படி முழுமையாக வெளியிடுவேன்.

இப்படிக்கு,
தென் கலிஃபோர்னியாவில் சிறு விமானம் ஓட்டும் ஒரு தமிழன்